தத்துப்பிள்ளையும் அடையாள அட்டையும்

மணிமேகலை பயின்ற மாணவர் ஆபுத்திரனை மறந்திருக்க மாட்டார்கள். பெற்ற தாயாகிய சாலி தோட்டமொன்றில் இட்டுச் சென்ற குழவி அவன். ஆவொன்று ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. அவ்வழியே வந்த இளம்பூதி என்னும் அந்தணன் அக்குழவியைத் தன் மகனாகவே ஏற்று, வயனங்கோட்டில் வளர்த்து, வேதமும் ஓதுவித்தான். பின்னாளில் அவன் வேள்விக்கு நிறுத்திய பசுவை விடுவித்தபோது, சினங்கொண்ட ஊரார் அவன் பிறப்பை எடுத்துரைத்து இழித்துப் பேசினர். அதைக் கேட்ட இளம்பூதி, மகனென்று வளர்த்தவனை வீட்டினின்றும் நீக்கிவிட்டான்.

அமுதசுரபியின் பெருமையைப் பேசும்போது இப்பகுதியை நாம் விரைந்து கடந்து விடுகிறோம். வளர்ப்புறவு எத்துணை ஆண்டுகள் நீடித்ததாயினும், பிறப்பைப் பற்றிய ஒரு சொல் வெளிப்பட்ட அளவிலே அறுந்துவிடக் கூடியதாக இருந்தது என்பதே சாத்தனார் காட்டும் உண்மை. அந்த ஆபுத்திரன் பின்னர்க் கப்பலேறிச் சாவகத்துக்குப் புறப்பட்டதும், மறுபிறப்பில் சாவக மன்னனானதும் காப்பியம் கூறும் செய்திகள். சாவகமோ நமது சிங்கப்பூருக்கு அண்டையிலுள்ள நாடு. கடல் கடந்து வந்த தமிழர் இங்கே பிறர் பிள்ளையைத் தம் பிள்ளையாக்கிக் கொண்ட வரலாற்றை எழுத முற்படும்போது, அவன் நினைவு வருவது இயல்பே.

இக்கட்டுரையை நான் எழுதுவது ஈசூனிலிருந்து. தீவின் வடபகுதியில் அமைந்த இந்நகர் லிம் நீ சூன் என்னும் சீனப் பெருமகனாரின் பெயரைத் தாங்கியது. அவர் 1879-இல் பிறந்து 1936-இல் மறைந்தவர். ரப்பர்த் தோட்டங்களாலும் அன்னாசித் தொழிலாலும் பெரும்பொருள் ஈட்டியவர். இளமையிலேயே பெற்றோரை இழந்து, தாய்வழிப் பாட்டனாரால் வளர்க்கப் பெற்றவர் என்பது இக்கட்டுரைக்குப் பொருத்தமானதொரு செய்தி. அவர் பெயரின் மாண்டரின் ஒலிப்பே 'ஈசூன்' ஆயிற்று. இங்குள்ள தோட்டங்களிலும், 1938-இல் திறக்கப்பெற்ற செம்பாவாங் கடற்படைத் தளத்திலும், தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையாகப் பணியாற்றினர். முதியவர்கள் இன்றும் 'நேவல் பேஸ்' என்றுதான் சொல்வார்கள். 1980-களில் கம்பத்து வீடுகள் மறைந்து அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 1988-இல் பெருவிரைவு இரயிலும் வந்தது.

என் வீட்டுக்குக் கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கடையில் காலைதோறும் ஓர் அம்மையாரைக் காண்கிறேன். முகம் சீன முகம். நெற்றியில் திருநீறும் குங்குமமும். பேச்சோ கலப்பற்ற தஞ்சைத் தமிழ். அவரைப் புதிதாகக் காணும் இளைஞர் வியப்பதுண்டு. பழைய சிங்கப்பூரை அறிந்தவர்க்கு இதில் வியப்பில்லை. 'எடுத்து வளர்த்த பிள்ளை' என்று ஒரு சொற்றொடரில் சொல்லி நகர்ந்து விடுவார்கள். அச்சொற்றொடருக்குள் அடங்கிக் கிடக்கும் வரலாறுதான் நமக்கு இங்கே வேண்டியது.

தமிழகத்தில் தத்தெடுத்தல் என்பது பழங்காலத்தில் பெரும்பாலும் ஆண்பிள்ளையைப் பற்றியது. குலம் தழைக்கவும், நீத்தார் கடன் செய்யவும், சொத்து வேற்றார் கைக்குப் போகாதிருக்கவும் மகனொருவன் வேண்டும் என்பது அதன் நோக்கம். தருமநூல்கள் பெரிதும் ஆண்பிள்ளையையே கருதின; கணவன் இசைவின்றிக் கைம்பெண் தத்தெடுக்கலாமா என்பது நெடுங்காலம் வழக்குக்குரிய வினாவாக இருந்தது. இவ்வினாவுக்கு விடை தந்த வழக்கு நமது இராமநாதபுரத்து வழக்கேயாகும். சேதுபதி மரபில் கைம்பெண்ணான அரசியார் உறவினர் இசைவோடு எடுத்த தத்தை ஏற்று, 1868-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. தெளிவாக நிறுவப்பட்ட வழக்காறு, எழுதி வைத்த நூல்விதியினும் வலிமையுடையது என்பதே அத்தீர்ப்பின் உயிர்நிலை. இச்செய்தியை வாசகர் நினைவில் இருத்திக் கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் இருந்து கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தாரும் சுவீகார வழக்கத்தை உறுதியாகக் கைக்கொண்டவர்களே. ஆயினும் அவர்கள் பிள்ளை கூட்டிக்கொண்டது செட்டிநாட்டில், தம் இனத்துக்குள்ளேயே. இந்நாட்டு மண்ணில் நடந்த தத்து வேறு வகையானது. தோட்டத் தொழிலாளியும், கடற்படைத் தளத்துக் கூலியும், தேக்காவில் மாடு வைத்துப் பால் கறந்தவரும், சிறுகடைக்காரரும் செய்த தத்து அது. அதில் ஆண்மகவைக் காட்டிலும் பெண்மகவே மிகுதி. தம் இனத்துப் பிள்ளையைக் காட்டிலும் வேற்றினத்துப் பிள்ளையே மிகுதி. ஆயிரமாண்டு மரபு கடலைக் கடந்த அளவிலே தலைகீழாயிற்று என்றால் மிகையாகாது.

இதன் காரணங்களை ஆராய்வோம். அக்காலச் சீனக் குடும்பங்களில் வறுமை மிகுதி, குழந்தைகளும் மிகுதி. மகன் குலத்துக்கு உரியவன், மகள் பிறர் வீட்டுக்கு உரியவள் என்ற எண்ணம் அவர்களிடையேயும் வேரூன்றியிருந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கை வேறு. 1926, 1938, 1950, 1962 ஆகியன புலி ஆண்டுகள். விக்டோரியா தெருவில் 1854-இல் கிறித்துவக் கன்னியர் தொடங்கிய மடத்துக்கு 'நம்பிக்கை வாயில்' என்றொரு சிறு வாயில் உண்டு. கூடையிலும் துணியிலும் சுற்றிப் பச்சிளங் குழந்தைகளை அவ்வாயிலில் வைத்துச் செல்வார்கள். அவருள் பெரும்பாலோர் பெண்குழந்தைகள். அம்மடம் 1983-இல் அங்கிருந்து அகன்றது. இன்று அது உணவகங்கள் நிறைந்த உல்லாச வளாகமாயினும், அவ்வாயில் இன்னமும் இருக்கிறது. ஆசிரியர்கள் மாணவரை அங்கே ஒருமுறை அழைத்துச் சென்று காட்டலாம்.

மடத்தின் வாயிலில் விடாத பெற்றோர் அண்டை அயலாரிடம் கொடுத்தனர். தமிழ்க் குடும்பம் பெண்குழந்தையை அடிமையாக்காது, விற்காது, வயிறார உணவிட்டு வளர்க்கும் என்ற நல்லெண்ணம் கம்பங்களில் நிலவியதாக முதியோர் கூறுவர். அன்றைய தமிழ்க் குடும்பங்களோ குடியேறிகளின் குடும்பங்கள். பாட்டியும் அத்தையும் சித்தியும் ஊரில். இங்கே கணவனும் மனைவியும் மட்டும். பிள்ளையில்லாதவள் படும் துயரத்தைத் தேற்றுவதற்கும் ஆளில்லை; தங்கை மகனையோ கொழுந்தன் மகனையோ தத்துக் கேட்பதற்கும் வழியில்லை. வேலிக்கு அப்பால் சீனத்தியொருத்தி ஏழாவது பெண்ணைப் பெற்றுவிட்டுக் கலங்கி நிற்கிறாள். அவள் கையிலிருந்து இவள் கைக்கு ஒரு குழந்தை மாறுகிறது. சிவப்புத் தாளில் மடித்த சிறு தொகையொன்றும் மாறுவதுண்டு. அது விலையன்று, பால் கொடுத்ததற்கான நன்றி என்பார்கள். பத்திரமில்லை, சாட்சியில்லை, பெரும்பாலும் பொதுமொழியாக இருந்தது சந்தை மலாய். அதில் நாலு சொல்.

குழந்தை வீட்டுக்கு வந்தவுடன் தலைக்கு எண்ணெய் வைத்து, கண்ணேறு கழித்து, லட்சுமி என்றோ மீனாட்சி என்றோ பெயரிட்டார்கள். பாவாடை உடுத்தி வளர்ந்த அப்பெண்கள் தமிழ்ப் பள்ளிக்குச் சென்றார்கள். தீமிதியில் பால்குடம் எடுத்தார்கள். தமிழர் வீடுகளிலேயே வாழ்க்கைப்பட்டார்கள். தமிழை அவர்கள் கற்றது வேற்றுமொழியாக அன்று, தாய்மொழியாகவே.

அரசாங்கம் இவ்விடத்தில் வேறொரு கவலை கொண்டிருந்தது. 'முய் சாய்' எனப்பட்ட சீன வேலைக்காரச் சிறுமியர் வழக்கமே அக்கவலை. வறிய பெற்றோரிடமிருந்து சிறுமியரை வாங்கி, வளர்ப்புமகள் என்ற பெயரால் ஊதியமின்றி வேலை வாங்கும் கொடுமை அது. 1932-இல் இதற்கெனச் சட்டமொன்று இயற்றப்பட்டது. 1936-இல் விசாரணைக் குழுவும் அமைக்கப்பட்டது. தத்து என்னும் போர்வையில் அடிமைத்தனம் நுழையாதிருக்க வேண்டுமாயின் தத்துக்கு ஓர் உறுதியான வடிவம் வேண்டும் என்ற கருத்தும் வலுப்பெற்றது. 1939-இல் நீரிணைக் குடியேற்றங்களில் குழந்தைகள் தத்துச் சட்டம் வந்தது. இங்கிலாந்து 1926-இல் இயற்றிய சட்டத்தைப் பெரிதும் ஒத்தது அது. தத்தெடுப்போர் 25 வயது நிரம்பியவராகவும், குழந்தையைவிட 21 ஆண்டேனும் மூத்தவராகவும், இங்கே வசிப்பவராகவும் இருத்தல் வேண்டும். நீதிமன்றம் ஆணையிடல் வேண்டும். ஆணை பிறந்த அளவிலே பெற்றோர்க்குரிய உரிமை அற்று, வளர்த்தோர்க்கு உரிமை பிறக்கும்.

குடியுரிமையை அச்சட்டம் நிபந்தனையாக வைக்கவில்லை, வசிப்பிடத்தையே கேட்டது. நேற்றுக் கப்பலிறங்கிய அயலானும் இங்கே நிலையாக வசிப்பானாயின் நீதிமன்றத்தை அணுகியிருக்கலாம். ஆயினும் கம்பத்துத் தமிழர் எத்தனை பேருக்கு இச்சட்டம் தெரியும்? தெரிந்தாலும் வழக்கறிஞர்க்குக் கொடுக்கப் பணமேது? கையால் கொடுத்துக் கையால் வாங்கிய பின்னர்க் கச்சேரிக்கு ஏன் போகவேண்டும் என்றே அவர்கள் எண்ணினர். அவ்வெண்ணம் அறியாமை மட்டுமன்று. இந்து தருமத்தில் தத்தின் சாரமே கொடுத்தலும் வாங்குதலுந்தான். 1956-இல் இந்தியாவில் இயற்றிய தத்து மற்றும் வாழ்க்கைப்பொருள் சட்டங்கூட, ஓமம் வளர்க்காவிடினும் குற்றமில்லை, குழந்தையை உண்மையாகக் கொடுத்தும் வாங்கியும் இருக்கவேண்டும் என்றே கூறுகிறது. பெண்மகவையும் தத்தெடுக்கலாம், பெண்ணும் தத்தெடுக்கலாம் என்று அச்சட்டம் உரிமையை விரித்தது 1956-இல். நம் மக்களோ அதற்கு முன்பே இங்கே பெண்மகவை எடுத்து வளர்த்துக் கொண்டிருந்தனர்.

கொடுத்ததா, பார்த்துக்கொள்ளச் சொன்னதா என்னும் கேள்வி எத்துணைக் கொடியதாக முடியும் என்பதை 1950-ஆம் ஆண்டு காட்டியது. மரியா ஹெர்டோக் 1937-இல் சாவகத்தில் டச்சுப் படைவீரர் ஒருவரின் மகளாகப் பிறந்தவள். சப்பானியர் ஆட்சியில் தந்தை சிறைப்பட்டார். 1942-இன் இறுதியில் சிறுமி, அமீனா என்னும் மலாய் அம்மையாரிடம் வந்து சேர்ந்தாள். நிலையாகக் கொடுத்தார்கள் என்றார் அமீனா. சில நாள் விருந்தாக அனுப்பினேன் என்றார் பெற்ற தாய். நத்ரா என்ற பெயரோடு அச்சிறுமி இசுலாமியப் பெண்ணாக வளர்ந்து, அமீனாவோடு திரெங்கானுவின் கெமாமானுக்கும் சென்றாள். போருக்குப் பின் பெற்றோர் தேடிக் கண்டு வழக்கிட்டனர். மே மாதத்தில் பெற்றோர் பக்கம் ஆணை. ஜூலையில் மேல்முறையீட்டில் அமீனா பக்கம் ஆணை. ஆகஸ்டு முதல் நாள் பதின்மூன்று வயதுச் சிறுமிக்குத் திருமணம். டிசம்பர் 2-இல் அத்திருமணம் செல்லாது, பெண் தந்தைக்கே உரியவள் என்ற தீர்ப்பு. அத்தீர்ப்பின் அடிப்படை நுட்பமானது. சிறுமியின் சட்டவழிப்பட்ட வாழிடம் அவளைப் பெற்ற தந்தையின் வாழிடமே. ஆகவே அவளை ஆளுவது டச்சுச் சட்டம் என்றது மன்றம். எட்டாண்டு வளர்ப்பு அதை மாற்றவில்லை.

சிறுமியைத் தாம்சன் சாலையிலிருந்த கன்னியர் மடத்தில் தங்கவைத்த செய்தியும் படங்களும் நாளிதழ்களில் வந்து முஸ்லிம் மக்களின் உள்ளத்தைப் புண்படுத்தின. டிசம்பர் 11-இல் மூண்ட கலவரத்தில் 18 பேர் மாண்டனர். 173 பேர் காயமுற்றனர். அதே தாம்சன் சாலையைப் பற்றி வடக்கே சென்றால் வருவது பழைய நீ சூன் கிராமம். அங்கும் கடற்படைத் தளத்துக் குடியிருப்பிலும் அவ்வாரத்தில் தத்தம் வீட்டுச் சீனப் பெண்ணை வெளியே விளையாட விடாமல் கதவைச் சாத்திய தமிழ்த் தாய்மார் இருந்திருப்பர் என்று எண்ணுகிறேன். அவர்கள் கையிலும் அமீனா கையில் இருந்ததைவிட மிகுதியான ஆதாரம் எதுவும் இல்லை. அந்த 1950 புலி ஆண்டு என்பதையும், அவ்வாண்டில் பிறந்து கைமாறிய பெண்மகவு பல என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இனி, தந்தையரின் நிலைக்கு வருவோம். இந்நாட்டிலே முப்பதாண்டு உழைத்தும் அவர்கள் அயலாராகவே இருந்தனர். 1953-இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டத்தால் போக்குவரத்து கடினமாயிற்று. 1957-இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்கள். இந்தியாவில் பிறந்தோர் வாழ்ந்த ஆண்டுகளைக் காட்டி, விசுவாசப் பிரமாணம் செய்து, பதிவு பெறல் வேண்டும். பலர் பெற்றனர். ஊரில் நிலமும் பெற்றோரும் இருக்கக் குடியுரிமையை விட மனமில்லாமலும், படிவம் நிரப்பத் தெரியாமலும், பிறகு பார்க்கலாம் என்றும் பெறாமல் விட்டவரும் பலர். தனிநாடான பின் 1966-இல் புதிய அடையாள அட்டைகள் வந்தன: குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு, மற்றையோர்க்கு நீலம். வேலை செய்வதற்கே குடிமக்கள் அல்லாதார் உரிமம் பெறவேண்டும் என்ற விதியும் அக்காலத்தில் வந்தது.

இப்போது ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தந்தை தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவர், நீல அட்டைக்காரர். அவர் எடுத்து வளர்த்த மகள் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் சீனத் தாய்க்குப் பிறந்தவள். ஆகவே பிறப்பாலேயே குடிமகள். பிள்ளைக்கு நிழல் தரவேண்டியவர் அயலார். நிழல் தேடி வந்த பிள்ளை மண்ணுக்கு உரியவள். ஆயினும் அவளது பிறப்புச் சான்றிதழில் இருப்பது சீனப் பெயர். தந்தை பெயர் வேறு. வீட்டில் அவள் தமிழ்ப் பெண். பள்ளிப் பதிவேட்டிலும் அட்டையிலும் சீனப் பெண். இவ்விருவரையும் தந்தையென்றும் மகளென்றும் இணைக்கும் தாள் உலகத்தில் எங்குமே இல்லை.

தாளின் அருமை இருவேளைகளில் தெரிந்தது. ஒன்று, பிரிட்டிஷார் 1971-இல் படைத்தளத்தை விட்டு விலகியபோது. கடற்படைத் தளத்து இந்தியத் தொழிலாளர் பலர் பணிக்கொடையைப் பெற்றுக்கொண்டு தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் திரும்பினர். திரும்புபவர் வளர்ப்புமகளை உடனழைத்துச் செல்லவேண்டுமாயின் கடவுச்சீட்டு வேண்டும். அதற்குப் பெற்றோர் ஒப்பம் வேண்டும். சட்டத்தின் கண்ணில் பெற்றோர் எவரோ, எங்கோ. அகவை 21 ஆவதற்குள் நீதிமன்றம் சென்றால் சரி. அது கடந்துவிட்டால் தத்து ஆணைக்கு வழியில்லை.

மற்றொரு வேளை, தந்தை இறந்த வேளை. 1967-இன் விருப்பாவணம் இல்லார் சொத்துரிமைச் சட்டம், பிள்ளை என்ற சொல்லில் நீதிமன்ற ஆணையால் தத்தெடுக்கப்பட்டவரையும் அடக்குகிறது. ஆணையில்லாமல் வளர்ந்தவரை அடக்கவில்லை. தந்தையின் படுக்கையருகே பத்தாண்டு இருந்து பணிவிடை செய்த மகள், உயில் இல்லையேல் ஒரு காசுக்கும் உரியவளல்லள். ஊரிலிருந்து ஒருமுறையும் எட்டிப் பாராத உடன்பிறந்தார் மகன் உரிமையாளனாக வரக்கூடும். 1868-இல் இராமநாதபுரத்தார்க்கு வழக்காறு நூலினும் மேலாயிற்று. நூறாண்டுக்குப் பின் ஈசூனில் நூல் வழக்காற்றினும் மேலாயிற்று. சட்டத்தைக் குறை கூறுவது என் கருத்தன்று. முய் சாய்ச் சிறுமியரைக் காத்ததும் அத்தகைய சட்டமே. ஆயினும் கொடியவனைத் தடுக்கக் கட்டிய வேலி நல்லவன் வீட்டுப் பிள்ளையையும் வெளியே நிறுத்திவிட்டது என்பதை வரலாறு எழுதுவோன் மறைத்தல் தகாது.

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. சீனக் குடும்பங்கள் பெண்மகவைக் கொடுப்பது அரிதாயிற்று; குடும்பங்கள் சுருங்கின, செல்வம் பெருகிற்று. இப்போது ஈசூன் அடுக்குமாடி வீடுகளில் நிரந்தரவாசிகளாக வாழும் தமிழ்த் தம்பதியர் பலர். நீல அட்டை அவர்கள் கையிலும் உண்டு. பிள்ளையில்லாதவர் தமிழகத்திலுள்ள அக்காள் மகளையோ, இல்லத்துக் குழந்தையையோ எடுக்க விழைகின்றனர். பழைய தலைமுறைக்குத் தாளே இல்லை. இவர்களுக்கோ தாள் இரு நாட்டிலும் வேண்டும். இந்தியாவில் பதிவாளர் அலுவலகத்தில் எழுதிய தத்துப் பத்திரத்தோடு மட்டும் விமானமேறி விடலாம் என்று எண்ணி ஏமாந்தோர் உண்டு. அயல்நாட்டுத் தத்தில் குழந்தைகள் விலைப்பொருளாகாதிருக்க 1984-இல் இந்திய உச்சநீதிமன்றம் நெறிகள் வகுத்தது. 1990-இல் நடுவண் தத்து அமைப்பு தோன்றியது. 1956 சட்டப்படி தத்தெடுத்த பிள்ளையை வெளிநாடு கொண்டு செல்வோர்க்கென 2021-இல் தனி விதிகளும் வந்தன. இங்கே 1939-இன் சட்டத்துக்கு மாற்றாக 2022-இல் இயற்றிய புதிய தத்துச் சட்டம் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நிரந்தரவாசத் தம்பதியர்க்கு அதில் கதவு அடைக்கப்படவில்லை. ஆனால் தத்து ஆணை பெற்ற அளவிலே குழந்தைக்குக் குடியுரிமையோ நிரந்தரவாசமோ தானாக வந்துவிடாது. அதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். தந்தை மகள் என்று நீதிமன்றம் ஏற்ற பின்னும், இம்மண்ணில் சேர்ந்து வாழலாமா என்பதைச் சொல்வது வேறொரு அலுவலகம். அன்று பிள்ளைக்கு மண் இருந்தது, உறவுக்குத் தாள் இல்லை. இன்று உறவுக்குத் தாள் உண்டு. மண்ணுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

அந்த அம்மையாரிடம் ஒருநாள் இவற்றையெல்லாம் கேட்டேன். அவர் பிசுக்கோத்துத் தகரப்பெட்டி ஒன்றைக் கொணர்ந்து காட்டினார். உள்ளே சீனப் பெயருள்ள பிறப்புச் சான்றிதழும், தகப்பனாரின் பழைய நீல அட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. "அப்பா எழுதி வைக்கணும் எழுதி வைக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு தம்பி, அதுக்குள்ள போயிட்டாரு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

கடற்படைத் தளத்துத் தொழிலாளர் காலத்தில் கான்பெரா சாலையருகே மரமொன்றன் அடியில் தோன்றி, 1990-களில் ஈசூனுக்கு இடம்பெயர்ந்த பாலசுப்பிரமணியர் ஆலயத்துக்கு அவர் பங்குனி உத்திரந்தோறும் செல்கிறார். அர்ச்சனைச் சீட்டுக் கொடுப்பவர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். பிறந்த நாழிகையைப் பெற்றவர் சொல்லவில்லையாதலால், குழந்தை வீட்டுக்கு வந்த நாளில் பஞ்சாங்கம் பார்த்து அன்றைய நட்சத்திரத்தையே தகப்பனார் அவருக்கு வைத்தாராம். ரோகிணி என்கிறார்.